நிற்கும் தண்ணீரில் தொடங்குங்கள்: அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டர் சர்க்யூட்டைக் கட்டி ஓடவிட முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வேலை பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் சிப் வாங்குவார்கள், அப்புறம் பைப்பில் துளை போடுவார்கள், உடனே மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம், "இன்னாண்ணா, மோட்டாரை ஆஃப் பண்ணாகூட தண்ணி ஓடுதுன்னு காட்டுது" என்று வந்து நிற்பார்கள்.

சிப் மேல் தப்பில்லை, வரிசைதான் தப்பு. அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டர் என்பது பைப்பில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஒலியை வைத்துச் சொல்லும் கருவி, அது உண்மையில் அளப்பது இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை. தண்ணீர் அசையாமல் நிற்கும்போது அந்த வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டாத சர்க்யூட், ஓடும் தண்ணீரில் சொல்லும் எதையும் நம்ப முடியாது. அதனால் கீழே இருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்பது, மோட்டார் பக்கமே போகாமல் முடிபவை. பொறுமை இல்லாதவர்கள் ஒன்பதாவதை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் பேப்பரில் கணக்கைப் போடுங்கள்

காட்பாடி மேம்பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அதே தூரம், அதே மிதி, ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். பைப்பின் குறுக்கே சாய்வாக ஏ, பி என்று இரண்டு பீசோ வில்லைகளை (மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும், ஒலி பட்டால் மின்சாரம் தரும்) எதிரெதிரே வைக்கிறோம். ஏ ஒலி விட்டால் பி கேட்கும், பிறகு பி விட்டால் ஏ கேட்கும். தண்ணீர் போகும் பக்கமாகச் சென்ற ஒலி சீக்கிரம் சேரும். அதை உடன்நேரம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்து வந்த ஒலி தாமதமாகச் சேரும், அது எதிர்நேரம்.

இப்போது எண்கள். உள்விட்டம் 50 மில்லிமீட்டர், சாய்வு 45 டிகிரி, அப்போது ஒலியின் பாதை 70.7 மில்லிமீட்டர். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், ஆகப் பயணம் 47 மைக்ரோ நொடி. தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 44 நானோ நொடி. அந்த வேகத்தில் இந்தப் பைப்பில் மணிக்கு 7 கன மீட்டர் தண்ணீர் போகிறது, நமக்குக் கிடைக்கும் தடயமோ 44 நானோ நொடி. நொடிக்கு 1 சென்டிமீட்டர் கசிவு என்றால் அரை நானோ நொடிகூட வராது.

இந்தக் கணக்கை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு எண்ணிக்கையே 62.5 நானோ நொடி. வெறும் மைக்ரோகன்ட்ரோலர் டைமரை வைத்து எண்ணினால், நல்ல வேகத்தில் ஓடும் தண்ணீர்கூட ஒரு எண்ணிக்கைக்குள் ஒளிந்துகொள்ளும். இது புரியாமல் மூன்று வாரம் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த பையனைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

சூத்திரம் இதுதான்: வேகம் = விட்டம் × (எதிர்நேரம் − உடன்நேரம்) ÷ (எதிர்நேரம் × உடன்நேரம்). 45 டிகிரி சாய்வில் மட்டும்தான் முன்னால் வெறும் விட்டம் வரும். வேறு கோணமானால் விட்டத்தை, கோணத்தின் இருமடங்கின் சைனால் வகுக்க வேண்டும்.

ஒலியின் வேகம் இந்தச் சூத்திரத்தில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேரங்களின் பெருக்கல் அதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. சிலர் சுருக்குவழி என்று ஒலிவேகத்தை ஒரு நிலையான எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். 25 டிகிரி சூட்டில் 1497 மீட்டராக இருக்கும் ஒலிவேகம் 40 டிகிரியில் 1529 ஆகிவிடும். கணக்கில் அதன் வர்க்கம் வருவதால் பிழை 4 சதவீதத்துக்கு மேல். வேலூர் பக்கத்தில் மே மாத மத்தியானம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு 40 டிகிரி பெரிய விஷயமே இல்லை.

2. மேசைக்கு வர வேண்டியவை

ஒரு சிறிய பைப் துண்டு, இரண்டு பக்கமும் பால் வால்வு. வால்வு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரை அடைத்து நிறுத்துவதுதான் பாதி வேலை. 1 மெகாஹெர்ட்ஸ் பீசோ வில்லைகள், இரண்டு போதும் என்றாலும் ஆறு வாங்குங்கள், காரணம் நான்காவது படியில். டிடிசி1000 மாதிரி ஒலி அனுப்பி வாங்கும் சிப், டிடிசி7200 மாதிரி நேரம் எண்ணும் சிப், இவற்றோடு பேச ஏதாவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், கிரிஸ்டல் ஆசிலேட்டர். சிக்னல் ஜெனரேட்டர், ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி), நம்பகமான தெர்மாமீட்டர், வெர்னியர், 200 லிட்டர் நீல டிரம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் "அல்ட்ராசானிக் சென்சார்" என்று பொதுவாகக் கேட்டால் ரோபோ வண்டிக்குப் போடும் இரட்டைக் கண் போர்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது 40 கிலோஹெர்ட்ஸ், காற்றுக்கானது. தண்ணீரில் அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் 37 மில்லிமீட்டர், உங்கள் பைப் அகலத்தில் முக்கால்வாசி. 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர், அதனால்தான் ஒலி ஒழுங்காக ஒரு கற்றையாகப் போகிறது.

3. சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்று வரைந்து ஒட்டுங்கள்

கன்ட்ரோலர் "சுடு" என்கிறது. அனுப்பும் சிப் ஏ வில்லைக்குச் சில பல்ஸ்களைக் கொடுக்கிறது, அதே கணத்தில் நேரம் எண்ணும் சிப்புக்கு "ஸ்டார்ட்" போகிறது. ஒலி தண்ணீரைக் கடந்து பி வில்லையில் சில மில்லிவோல்ட்டாக எழுகிறது. அது முதல் ஆம்ப்ளிஃபையர், நமக்கு வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர், இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் வழியாக, சிக்னல் குறித்த அளவைத் தாண்டியதா என்று பார்க்கும் கம்பேரேட்டருக்கு வருகிறது. அங்கே "ஸ்டாப்" பிறக்கிறது. அப்புறம் சுவிட்ச் மாறி, பி சுட, ஏ கேட்கிறது.

இதை வரைந்து சுவரில் ஒட்டச் சொல்வது, பிறகு குழப்பம் வரும்போது எந்தப் புள்ளியில் ஸ்கோப்பின் புரோப் வைப்பது என்று தெரிவதற்காக. நடுவில் இருக்கும் ஃபில்டரைச் சிப்புக்கு வெளியே நீங்கள்தான் கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக ஒயர் போட்டவர்களுக்குப் பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் சத்தமும் தண்ணீரின் ஒலியும் ஒன்றாகவே வந்து சேரும்.

ஸ்டாப் புள்ளியைக் கம்பேரேட்டரால் பிடிக்காமல், வரும் அலை முழுவதையும் ஏடிசியால் (அலையை எண்களாக மாற்றும் பகுதி) பதிவு செய்து இரண்டு அலைகளையும் ஒன்றின் மேல் ஒன்று நகர்த்திப் பொருத்தும் வழியும் இருக்கிறது. எம்எஸ்பி430எஃப்ஆர்6047 என்ற மைக்ரோகன்ட்ரோலர் அப்படித்தான் செய்கிறது. இரைச்சலை நன்றாகவே தாங்கும். ஆனால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் பழைய வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் தப்பு எங்கே என்று ஸ்கோப்பில் கண்ணால் பார்க்க முடிகிறது.

4. பீசோக்களுக்கு ஜோடிப் பொருத்தம்

ஒவ்வொரு வில்லையையும் ஒரு ரெசிஸ்டரோடு வரிசையில் கோத்து, சிக்னல் ஜெனரேட்டரை 900 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். வில்லையின் குறுக்கே வோல்டேஜ் எங்கே குழியில் விழுகிறதோ, அதுதான் அதன் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண். ஆறையும் அளந்து, எண்ணை மார்க்கரால் எழுதி, மிக அருகில் இருக்கும் இரண்டை எடுங்கள். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளியிருந்தால் நான் சேர்ப்பதில்லை.

காரணம், இரண்டும் வேறு வேறு ராகத்தில் பாடினால் போகும் அலையும் வரும் அலையும் ஒரே உருவத்தில் இருக்காது. அந்த உருவ வித்தியாசம் சூடு ஏற ஏற மாறி, ஓடாத தண்ணீரை ஓடுவதாகக் காட்டும்.

ஒட்டிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். எபாக்சிக்குள் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் போதும், சிக்னல் பாதியாகிவிடும். ஒயரைச் சால்டர் செய்யும்போது மூன்று நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள், அதிகச் சூட்டில் பீசோ தன் துருவ ஒழுங்கை இழந்து ஊமையாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

5. நிற்கும் தண்ணீரில் ஒரே ஒரு ஷாட்

பைப்பை நிரப்பி, தட்டித் தட்டிக் குமிழை எல்லாம் வெளியேற்றி, இரண்டு வால்வையும் மூடுங்கள். நேரம் எண்ணும் சிப்பை இன்னும் தொட வேண்டாம். ஏ சுடட்டும், பி பக்கம் இரண்டாவது ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை ஸ்கோப்பில் பாருங்கள். பல்ஸ் எத்தனை? நான் 6-இல் ஆரம்பிப்பேன். அதிகம் கொடுத்தால் சிக்னல் பெரிதாகும், ஆனால் வாலும் நீளும்.

ஸ்கோப்பில் இரண்டு அலைக் கூட்டம் தெரிய வேண்டும். சுட்ட உடனே ஒரு குப்பைக் கூட்டம். அது தண்ணீர் வழியாக வந்ததல்ல, போர்டிலும் கேபிளிலும் தாவி வந்தது. 50 மைக்ரோ நொடியைத் தாண்டி இன்னொரு கூட்டம் மெல்ல எழுந்து, பருத்து, அடங்கும். அதுதான் நம் ஒலி. கணக்குப்படி 47 தானே, ஏன் தள்ளி வருகிறது என்று கேட்பீர்கள். சாய்வான துளைக்குள் வில்லை கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது அல்லவா, அந்தப் பொந்தில் நிற்கும் தண்ணீரையும் ஒலி கடந்தாக வேண்டும். எட்டாவது படியில் இதைக் கழிப்போம்.

எந்தக் கூட்டம் எது என்று சந்தேகம் வந்தால் பைப்பிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுடுங்கள். மிச்சம் இருப்பது குப்பை. காணாமல் போனது நமக்கு வேண்டியது. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு, குப்பையை அளந்துகொண்டு "ரீடிங் ரொம்ப ஸ்டெடியா இருக்குண்ணா" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. ஸ்டெடியாகத்தான் இருக்கும், அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லையே.

குப்பை அடங்கிய பிறகே ரிசீவர் காது கொடுக்கும்படி, 45 மைக்ரோ நொடி வரை மூடி வையுங்கள். முதல் ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி எதிரொலிக்கும், ஆகவே அடுத்த ஷாட்டுக்கு முன் சில மில்லி நொடி இடைவெளி கட்டாயம்.

6. எந்த அலையில் நிறுத்துவது

வரும் ஒலி சட்டென்று எழுவதில்லை. முதல் அலை சிறியது, இரண்டாவது கொஞ்சம் பெரியது, மூன்றாவது இன்னும் பெரியது. அதனால் ஸ்டாப்பை இரண்டு கட்டமாகப் பிடிக்கிறோம். முதலில் ஒரு அளவைத் தாண்டும் அலை "ஆள் வந்தாச்சு" என்று சொல்கிறது. அதற்குப் பிறகு அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் கணத்தில் ஸ்டாப் விழுகிறது. பூஜ்யக் கோட்டை எடுப்பது ஏனென்றால், சிக்னல் பெரிதானாலும் சிறிதானாலும் அலை அந்தக் கோட்டைக் கடக்கும் நேரம் மாறாது. உச்சியையோ பாதி உயரத்தையோ எடுத்தால் அது நகரும்.

எல்லைக் கோட்டை அடுத்தடுத்த இரண்டு அலைகளின் உச்சிகளுக்குச் சரியாக நடுவில் வையுங்கள். மூன்றாவது அலையைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டாவதின் உச்சிக்கும் மூன்றாவதின் உச்சிக்கும் நடுவில். ஓரமாக வைத்தால் தண்ணீரில் கொஞ்சம் கலங்கல் வந்ததும் சிக்னல் இறங்கி, மூன்றாவதற்குப் பதில் நான்காவது பிடிபடும். 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலை 1 மைக்ரோ நொடி. ஒரு திசையில் மட்டும் இப்படித் தாவினால் நொடிக்கு 22 மீட்டர் வேகம் என்று திரையில் வரும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

ஏமாற்றுவது இன்னொன்று. இரண்டு திசையும் சேர்ந்தே தாவினால் வித்தியாசம் அப்படியே இருக்கும், பயண நேரம் மட்டும் 1 மைக்ரோ நொடி கூடும், வேகம் 4 சதவீதம் குறைவாகக் காட்டும். திரையில் எல்லாம் அழகாகவே இருக்கும். பில் போடும் இடத்தில் இது நடந்தால் சண்டைதான்.

சோதிக்க எளிய வழி: ஆம்ப்ளிஃபையர் பெருக்கத்தை 3 டெசிபல் கூட்டுங்கள், பிறகு பழைய இடத்திலிருந்து 3 டெசிபல் குறையுங்கள். பயண நேரம் இரண்டு தடவையும் அசையாமல் இருந்தால் எல்லைக் கோடு சரி. 1 மைக்ரோ நொடி குதித்தால் கோட்டை நகர்த்துங்கள்.

7. நேரம் எண்ணும் சிப்பை இணைப்பது

டிடிசி7200-க்குள் வேகமாகச் சுழலும் ஒரு வளைய ஆசிலேட்டர் இருக்கிறது, அதன் ஒரு படி சுமார் 55 பிக்கோ நொடி (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிக்கோ நொடி). முழு 50, 60 மைக்ரோ நொடியையும் அது எண்ணுவதில்லை. நடுப்பகுதியை வெளியிலிருந்து வரும் கிளாக் முழு முழு எண்ணிக்கையாக எண்ணிவிடும், இரண்டு முனையிலும் மிஞ்சும் துண்டுகளை மட்டும் வளையம் அளக்கும். துணிக்கடையில் மீட்டர் கோலால் அளந்துவிட்டு, கடைசித் துண்டுக்கு இன்ச் டேப் வைக்கிற மாதிரி. இதற்கு இரண்டாவது மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் மோட் 500 நானோ நொடி வரைதான்.

வளையம் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் ஏற்ப வேகம் மாறும். அதனால் ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் சிப் தன் வளையத்தைக் கிளாக்கோடு ஒப்பிட்டு இரண்டு காலிப்ரேஷன் எண்களை வைக்கிறது. அவற்றை ஒரே ஒரு தடவை, ஆன் செய்யும்போது மட்டும் படித்து அதையே நாள் முழுக்கப் பயன்படுத்துவது அடிக்கடி பார்க்கும் தப்பு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் படியுங்கள்.

கிளாக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளாக் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தள்ளி ஓடினாலும் கவலையில்லை, விடையும் அதே 50 பிபிஎம்தான் தள்ளும். ஆனால் உடன்நேர ஷாட்டுக்கும் எதிர்நேர ஷாட்டுக்கும் நடுவில் கிளாக் ஆடக் கூடாது. மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், கிரிஸ்டல் இல்லாத ஆர்சி ஆசிலேட்டர் அந்த இடைவெளியில் 0.1 சதவீதம் நகர்ந்தால் 50 நானோ நொடிக்கு மேல் வித்தியாசம் வரும், அதாவது நிற்கும் தண்ணீர் நொடிக்கு 1 மீட்டருக்கும் அதிகமாக ஓடுகிறதென்று ஆகிவிடும். தனிக் கிரிஸ்டல் ஆசிலேட்டர் போடுங்கள், இரண்டு ஷாட்டையும் அருகருகே எடுங்கள்.

8. தண்ணீருக்கு வெளியே செலவான நேரத்தைக் கழிப்பது

அளந்த நேரத்தில் கேபிள், ஆம்ப்ளிஃபையர், வில்லையின் முகம், பொந்தில் நிற்கும் தண்ணீர், மூன்றாவது அலை வரை காத்திருந்தது என்று பல சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அளக்க முயல வேண்டாம், மொத்தமாகக் கழிக்கலாம்.

தண்ணீரின் சூட்டை அளந்துகொள்ளுங்கள். 30 டிகிரி என்றால் ஒலிவேகம் 1509 மீட்டர், 70.7 மில்லிமீட்டருக்கு 46.85 மைக்ரோ நொடி ஆக வேண்டும். சிப் 58.1 காட்டுகிறதா, வித்தியாசம் 11.25, அதுதான் உங்கள் கழிவு நேரம். இனி இரண்டு திசை நேரங்களிலிருந்தும் அதைக் கழித்த பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். கழிக்காமல் விட்டால் இந்த எடுத்துக்காட்டில் ரீடிங் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து போகும். "பேக்டர்" போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். இன்றைக்குச் சரியாகும், தண்ணீர் சூடானதும் மறுபடி தப்பும்.

சாய்ந்த பாதையின் நீளத்தை வெர்னியரால் நேரடியாக அளக்க வராது. உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து கணக்கிடுங்கள். கடையில் "இரண்டு இன்ச்" என்று சொல்லும் பைப் எதுவும் உள்ளே சரியாக 50 இருக்காது.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. கழிவு நேரம் தெரிந்துவிட்டால் எந்நேரமும் ஒலிவேகத்தைத் திருப்பிக் கணக்கிடலாம், அதைத் திரையின் ஓரத்தில் காட்டுங்கள். 1509 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 1478-க்கு இறங்கினால், தண்ணீர் குளிர்ந்துவிடவில்லை, அலை ஒன்று தாவியிருக்கிறது. ஆறாவது படியில் சொன்ன சத்தமில்லாத 4 சதவீதத் திருடன் இங்கேதான் பிடிபடுவான். நம் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரால் எண் கொஞ்சம் கூடும், லிட்டருக்கு ஒரு கிராம் உப்புக்கு 1 மீட்டருக்குச் சற்று மேல், அதற்குப் பயப்பட வேண்டாம்.

9. பூஜ்யம்

வால்வுகள் மூடியே இருக்கட்டும். வித்தியாசத்தை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பதிவு செய்யுங்கள். ஆமாம், முழுசாக.

ஒற்றை ஷாட் 200 பிக்கோ நொடி அளவுக்கு ஆடும் என்று வையுங்கள். 64 ஷாட்டைச் சராசரி எடுத்தால் 25 பிக்கோ நொடிக்கு வரும், நொடிக்கு அரை மில்லிமீட்டர் ஓட்டம். ஆக இரைச்சல் பெரிய எதிரி அல்ல. சராசரியால் போகாத நகர்வுதான் எதிரி.

பெரும்பாலும் காரணம் இது: ஒரு வில்லை சுடும்போது பார்க்கும் மின்தடையும், அதே வில்லை கேட்கும்போது பார்க்கும் மின்தடையும் வேறு வேறாக இருக்கும். ட்ரைவர் பக்கம் 200 ஓம் என்றால் ரிசீவர் பக்கமும் 200 ஓம் இருக்க வேண்டும், ஏ-க்கும் பி-க்கும் அதேதான். அப்படி வைத்தால் போகும் வழியும் வரும் வழியும் மின்சாரக் கண்ணுக்கு ஒன்றாகிவிடும், வில்லைகள் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தாலும் பூஜ்யம் பெரிதாக நகராது. ஜோடி பார்ப்பதைவிட இதுதான் முக்கியம், ஆனாலும் இரண்டையும் செய்யுங்கள். கேபிள்கள் ஒரே நீளம், ஒரே சுருளிலிருந்து வெட்டியவை. இன்னொன்று, ஒரு வில்லையில் மட்டும் ஸ்கோப் புரோப்பை மாட்டிவைத்துக்கொண்டு பூஜ்யம் பார்க்காதீர்கள், புரோப்பின் கெப்பாசிட்டன்ஸே பூஜ்யத்தைத் தள்ளிவிடும்.

போன வருடம் இந்த மேசையில் நடந்தது. எல்லாம் சரி, காலையில் பூஜ்யம் அருமை, தினமும் மூன்று மணிக்கு மேல் 130 பிக்கோ நொடி ஏறும். ரெசிஸ்டரை மாற்றினேன், போர்டை மாற்றினேன், இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் மேற்குப் பக்கக் கதவு வழியாக வெயில் பைப்பின் ஒரு முனையில் மட்டும் விழுகிறது. சூடான தண்ணீர் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கி, மூடிய பைப்புக்குள் நொடிக்கு 3 மில்லிமீட்டர் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் உண்மையைத்தான் சொன்னது, நான்தான் நம்பவில்லை. ஒரு கோணிப்பை போட்டு மூடியதும் சரியாகிவிட்டது.

இந்தக் குழப்பத்தைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது, அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஏ, பி கேபிள்களை வில்லைப் பக்கத்தில் இடம் மாற்றுங்கள். ரீடிங்கின் குறி அப்படியே இருந்தால் குறை போர்டில். பிளஸ் மைனஸாக மாறினால் குறை பைப் பக்கம்: வில்லை ஜோடி, இல்லையென்றால் தண்ணீர் உண்மையிலேயே நகர்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் சின்ன எண்ணைத்தான் மென்பொருளில் கழிக்க வேண்டும். முதல் நாளே பெரிய எண்ணைக் கழித்து மறைப்பது குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது.

10. பைப்பில் மாட்டும் இடம்

இப்போதுதான் மோட்டார். சென்சாருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு நேர் நீளம், பின்னால் 5 மடங்கு. 50 மில்லிமீட்டர் பைப்புக்கு அரை மீட்டரும் கால் மீட்டரும். வளைவைத் தாண்டிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், நம் ஒலியோ ஒரே ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கிறது. மோட்டார் வாயிலிலேயே, பாதி மூடிய வால்வுக்குப் பின்னாலேயே மாட்டினால் 10 மடங்கும் போதாது.

படுக்கையான பைப்பில் வில்லைகள் இடமும் வலமுமாக இருக்கட்டும், மேலும் கீழுமாக வேண்டாம். மேலே காற்று தங்கும், கீழே மணல் தங்கும். கோடையில் போர்வெல் மட்டம் இறங்கி மோட்டார் காற்றும் தண்ணீருமாகத் துப்பும்போது எப்படி மாட்டினாலும் சிக்னல் அறுந்துதான் போகும். அப்போது பழைய ரீடிங்கையே காட்டிக்கொண்டிருக்காமல் "சிக்னல் இல்லை" என்று சொல்லும்படி எழுதுங்கள். பைப் எப்போதும் நிரம்பி ஓடும் இடம் வேண்டும். டேங்குக்குள் திறந்து விழும் கடைசி முழத்தில் மாட்டாதீர்கள்.

பக்கத்தில் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) ஓடினால் ஷாட்டுகளுக்கு இடையே உள்ள நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒரே சீரான இடைவெளியில் சுட்டால், அந்த இரைச்சல் உங்கள் சராசரியோடு தாளம் போட்டு உட்கார்ந்துவிடும்.

11. டிரம் டெஸ்ட்

ஒலி பார்ப்பது பைப்பின் நடுவைக் கடக்கும் ஒரு கோட்டின் சராசரி வேகம். நமக்கு வேண்டியது முழுக் குறுக்குவெட்டின் சராசரி. நடுவில் வேகம் அதிகம், சுவரோரம் குறைவு, அதனால் ரீடிங் எப்போதும் கூடவே இருக்கும். தண்ணீர் புரண்டு ஓடும்போது பெருக்க வேண்டிய எண் 0.93, 0.95 பக்கம். மிக மெதுவாக, அடுக்கு அடுக்காக ஓடும்போது அது 0.75. இந்தப் பைப்பில், 30 டிகிரி தண்ணீரில், மாற்றம் நொடிக்கு 4 சென்டிமீட்டர் பக்கம் நடக்கிறது. ஆகவே ஒரே எண்ணை எல்லா வேகத்துக்கும் போட முடியாது.

பெயிண்ட் பக்கெட்டை விட்டுவிடுங்கள். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 20 லிட்டர் பக்கெட் 10 நொடியில் நிரம்பும், கை அரை நொடி தாமதித்தால் 5 சதவீதம் போச்சு. 200 லிட்டர் டிரம் 102 நொடி எடுக்கும், அதே அரை நொடி அரை சதவீதம்தான். டிரம்மில் எழுதியிருக்கும் கொள்ளளவை நம்பாதீர்கள், எடை போடுங்கள். 30 டிகிரியில் லிட்டருக்கு 996 கிராம். ஐந்தாறு வேகங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை செய்து, வேகத்துக்கு எதிரே பெருக்கும் எண்ணை ஒரு அட்டவணையாக்கிக் கன்ட்ரோலரில் ஏற்றுங்கள். மெதுவான வேகங்களில்தான் புள்ளிகள் அதிகம் வேண்டும், அங்கேதான் எண் துள்ளுகிறது.

12. மாட்டக் கூடாத இடம், பெட்டிக்குள் ஒட்டும் சீட்டு

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் போகாது: "தோல் தொழிற்சாலை கழிவுத் தண்ணி லைனுக்கு இதைப் போடலாமா?" வேண்டாம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் முடியும் சதைத்துணுக்கும் நுரையும் ஒலியைச் சிதறடித்துவிடும், மறுகரைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்த லைனுக்கு எலக்ட்ரோமேக்னட்டிக் மீட்டர்தான் சரி, அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை, மின்சாரம் நன்றாகவே கடத்தும். அதே தொழிற்சாலையில் போர்வெல் லைன், மென்நீர் லைன், ஆர்ஓ தாண்டிய லைன் என்றால் நம் மீட்டரைத் தாராளமாகப் போடலாம்.

பெட்டியை மூடும் முன் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டுங்கள்: வில்லை ஜோடியின் இரண்டு ஒத்ததிர்வு எண்கள், உள்விட்டம், கழிவு நேரம், அதை அளந்தபோது தண்ணீரின் சூடு, எத்தனையாவது அலை, ஆம்ப்ளிஃபையர் பெருக்கம், மிஞ்சிய பூஜ்யம், தேதி. ஆறு மாதம் கழித்து வில்லையை மாற்றப் போகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். சீட்டை லேமினேட் செய்துவிடுங்கள், பம்ப் ஷெட்டில் பல்லி இருக்கும்.